தலைகீழ் முகம்

15 பிப்ரவரி 2020, சனி

டென்னிஸ் புயல் வந்துவிட்டது. காலையிலிருந்து ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் இந்த வாரம் முழுக்க டூட்டி. அதனால் ஹாஃப் டேர்ம் விடுமுறைக்குப் பையனை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்பது வயது. ஷூவைக் கழற்றியதும் சோபாவின் மூலையில் சுருண்டு உட்கார்ந்து ஸ்விட்ச் என்ற ஆட்டக் கருவியைக் கையில் எடுத்துவிட்டான். நானும் கடையிலிருந்து கொண்டுவந்த நீல கவுனை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இடுப்பு மூட்டைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள்.

அவன் ஆடுவது போக்கிமான் ஷீல்டு. போன நவம்பர் 15-இல் வெளிவந்தது. கதை நடக்கும் நாட்டுக்குக் கேலார் என்று பெயர்.

"அத்தை, இந்த மேப்பைப் பாருங்க. நம்ம பிரிட்டன்தான். தலைகீழா வெச்சிருக்காங்க."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. லண்டனைப் போன்ற பெருநகரம் வரைபடத்தின் உச்சியில் இருக்கிறது. தெரிந்த ஊரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்றும் மழை, காற்று. வெளியே போகவே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஆட்டத்தில் ஃபாசில், அதாவது புதைபடிவம், தோண்டினான். பரந்த புல்வெளியில் இரண்டு சகோதரர்கள் நிற்கிறார்கள். 500 வாட்ஸ் கொடுத்தால் மண்ணைத் தோண்டிக் கிடைப்பதைத் தருவார்கள். வாட்ஸ் என்பது அந்த ஆட்டத்தில் அங்கங்கே சேர்த்துக்கொள்ளும் ஒரு வகைப் பணம். தோண்டத் தோண்ட அவன் கணக்கில் வாட்ஸ் கரைந்தது. கடைசியில் ஒரு மீன் ஃபாசில், ஒரு டைனோ ஃபாசில்.

ஃபாசில் மொத்தம் நான்கு வகை. பறவை, மீன், டிரேக், டைனோ. பறவையும் மீனும் மேல்பாதிகள். டிரேக்கும் டைனோவும் கீழ்பாதிகள். எதற்கும் அதன் சொந்த மறுபாதி கிடையாது. ஆறாவது பாதையில் கேரா லிஸ் என்று ஓர் ஆய்வாளர், ஓர் இயந்திரத்தோடு நிற்கிறார். மேல்பாதி ஒன்று, கீழ்பாதி ஒன்று கொடுத்தால் இரண்டையும் ஒட்டி உயிர் கொடுத்துவிடுவார். அவர் பெயரைச் சேர்த்துச் சொன்னால் 'கேர்லெஸ்' என்று வரும் என்று பையன்தான் சொன்னான். பள்ளியில் எல்லோருக்கும் தெரியுமாம்.

மீனையும் டைனோவையும் கொடுத்தான். சரியா என்று ஆட்டம் கேட்டது. சரி என்று அழுத்தினான். உயிர் வந்தது.

எனக்கு ஊசி நின்றுவிட்டது. பனி பூத்த கனமான உடம்பு. அதன்மேல் மீன் தலை, கவிழ்த்து வைத்தபடி. வாய் உச்சியில், வானத்தைப் பார்த்து. பெயர் ஆர்க்டோவிஷ். உயரம் 2 மீட்டர், எடை 175 கிலோ.

"இது பாவம் அத்தை" என்றான் பையன். சேமிப்புப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் தன் ஆறு பேர் அணியில் முதல் இடத்தில் வைத்தான்.

17 பிப்ரவரி, திங்கள்

கவுனை முடித்துக் கொடுத்தாயிற்று. பையனையும் கடைக்குக் கூட்டிப்போனேன். பின்னறையில் துணிச்சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆடினான்.

நேற்றைய உருவம் மனத்தைவிட்டு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மேல்பாதியையும் கீழ்பாதியையும் மூட்டுவதுதான் என் பிழைப்பு. இரண்டு துணியின் நூலோட்டம் ஒன்றாக இல்லாவிட்டால் இழுக்கும், சுருங்கும். உடுத்துகிறவருக்கு அது உடம்பில் தெரியும். மூட்டிய இடத்தை மறைக்கலாம், அழுத்தித் தேய்க்கலாம். நடக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஆர்க்டோவிஷ்ஷில் மூட்டை மறைக்கவே இல்லை. கத்தியால் வெட்டியதுபோல் ஓர் உடம்பு முடிகிற இடத்தில் இன்னொன்று தொடங்குகிறது. வரைந்தவர்கள் அதை வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

மத்தியானம் ஆள் வராத நேரத்தில் போக்கிடெக்ஸைத் திறந்து காட்டச் சொன்னேன். எந்தப் பிராணியைப் பிடித்தாலும் அதைப் பற்றி அந்தக் கருவியில் இரண்டு வரி வரும். ஆர்க்டோவிஷ்ஷின் முகத்தோலை எந்தத் தாக்குதலும் ஒன்றும் செய்யாதாம், ஆனாலும் மூச்சுவிடச் சிரமப்பட்டு அழிந்துபோனதாம். இதே ஆட்டத்தின் இன்னொரு பதிப்பான ஸ்வார்டில் வேறு வரி என்றான். சுற்றிலும் உறையவைத்து இரையைப் பிடித்துவிடும், வாய் தலையுச்சியில் இருப்பதால் தின்னத்தான் கஷ்டப்படும்.

அழிந்துபோனதாம்!

அது எப்போதுமே வாழ்ந்ததில்லையே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் கண் முன்னால், ஆறாவது பாதையில் பிறந்தது. அந்த மீனுக்கு அதன் சொந்த உடம்பில் மூச்சு இருந்திருக்கும். வாயும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கும். தப்பாக ஒட்டியவர் இந்தக் காலத்து மனுஷி. அழிந்ததற்கான பழியோ செத்துப்போன பிராணியின் தலையில். மற்ற மூன்றுக்கும் இதே கதைதான் எழுதிவைத்திருக்கிறது. பறவையும் டைனோவும் சேர்ந்த ஆர்க்டோசோல்ட், மெதுவாக நகர்ந்ததால் அழிந்தது. பறவையும் டிரேக்கும் சேர்ந்த டிராகோசோல்ட், இலைதழைகளையெல்லாம் தின்று தீர்த்து அழிந்தது. மீனும் டிரேக்கும் சேர்ந்த டிராகோவிஷ், மணிக்கு 40 மைலுக்கு மேல் ஓடும், ஆனால் தண்ணீருக்குள் இருந்தால்தான் மூச்சுவிட முடியும். ஓடும் கால்கள் ஒரு பிராணியுடையவை, செவுள் இன்னொன்றுடையது என்று அந்தக் கருவிக்குத் தோன்றவே இல்லை.

பையனிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ போக்கிடெக்ஸ் பொய் சொல்லுதா?" என்றான். பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்று தெரியாமலே எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

மாலையில் பையனின் நண்பன், மேல்வகுப்புப் பையன், போனில் வந்தான். ஆர்க்டோவிஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு டிராகோவிஷ் செய்துகொள்ளச் சொல்கிறான். இப்போது போட்டிகளில் எல்லோரும் அதற்குத்தான் பயப்படுகிறார்களாம்.

ஏன் என்று பையனிடம் கேட்டேன். சமையலறை மேஜையில் ஒரு பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினான். மீன் தலைக்கு ஃபிஷியஸ் ரெண்ட் என்று ஒரு கடி உண்டு. அதன் பலம் 85. எதிரிக்கு முன்னால் இது முந்திக்கொண்டால் இரண்டு மடங்கு, 170. தண்ணீர் இனப் பிராணி தண்ணீர்த் தாக்குதல் செய்தால் ஒன்றரை மடங்கு, 255. 'ஸ்ட்ராங் ஜா' என்ற தாடை வலு இருந்தால் அதற்கும் மேல் ஒன்றரை மடங்கு, 382.5. முந்திக்கொள்வதற்காக அதன் கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப் கட்டுவார்களாம். வேகம் ஒன்றரை மடங்காகும். ஆனால் களத்தில் நிற்கும்வரை ஒரே தாக்குதலைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய முடியும்.

ஆர்க்டோவிஷ்ஷுக்கும் அதே தலை, அதே கடி. ஆனால் அந்தத் தாடை வலு இல்லை. கால்கள் மந்தம். சுலபத்தில் முந்த முடியாது. முந்தாவிட்டால் 85 என்பது 85-தான்.

ஒரே தலை. எந்த உடம்பில் ஒட்டினார்கள் என்பதை வைத்து ஒன்று எல்லோரும் தேடுகிற பிராணி, மற்றது பெட்டியில் கிடக்கிற பிராணி. இரண்டில் எதற்கும் ஆண், பெண் கிடையாது. முட்டையும் கிடையாது. 1996-இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே ஃபாசிலுக்கு உயிர் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே ஒரு கல்லிலிருந்து ஒரு முழுப் பிராணி வரும். பிந்தைய ஆட்டங்களில் அதற்குக் குஞ்சும் வரும். கேலாரின் நாலுக்கு மட்டும் வம்சம் இல்லை. இதையும் வரைந்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒட்டுப்போட்டதற்கு எப்படி வழிவழியாகப் பிள்ளை பிறக்கும்?

பையன் போனில் சொன்ன பதில் கேட்டது. "எனக்கு வேணாம். நான் இதைத்தான் வெச்சுக்கப் போறேன்."

19 பிப்ரவரி, புதன்

கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்குப் போய்வந்தோம். கால் இன்னும் வலிக்கிறது. எழுதாமல் படுக்க மனமில்லை.

குரோய்டனிலிருந்து பஸ். பாதையெல்லாம் ஒடிந்த கிளைகள், சேறு. இத்தனை வருஷம் இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் கீழ் ஏரியைப் பார்த்ததில்லை. ஏரிக்குள் சிறு தீவுகள். அவற்றில் மரங்களுக்கு நடுவே பழைய டைனோசர் சிலைகள் நிற்கின்றன. செங்கல், இரும்பு, சிமென்ட்டில் செய்தவை. 1854 ஜூனில் விக்டோரியா ராணி பூங்காவைத் திறந்தபோதே இருந்தவை. பூங்காவுக்குப் பெயர் தந்த கண்ணாடி மாளிகை 1936-இல் எரிந்துபோனது. இவை மட்டும் நிற்கின்றன.

பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது: "அது மூக்குல ஏன் கொம்பு?"

இக்வனோடான் இரண்டு. ஒன்று நான்கு காலில் காண்டாமிருகம்போல் நிற்கிறது, ஒன்று படுத்திருக்கிறது. மூக்கில் கூம்பாக ஒரு கொம்பு. 1820-களில் சசெக்ஸில் கிடியன் மான்டெல் என்ற மருத்துவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பற்கள். இக்வானா ஓணானின் பல்லைப்போல் இருந்ததால் 1825-இல் அந்தப் பெயரை வைத்தார். பிறகு கிடைத்த எலும்புகளில் கூர்மையான ஒன்று இருந்தது. அது எங்கே பொருந்தும் என்று தெரியவில்லை, மூக்கில் வைத்தார்கள். சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் இங்கே உருவம் செய்தபோது யோசனை சொன்னவர் ரிச்சர்டு ஓவன். 1842-இல் 'டைனோசர்' என்ற இனப்பெயரையே உண்டாக்கியவர் அவர். 1853 டிசம்பர் 31 இரவு, இக்வனோடானின் அச்சுக்குள் மேஜை போட்டு 21 பேர் விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு சந்தோஷம்.

1878-இல் பெல்ஜியத்தில் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் முழு முழு எலும்புக்கூடுகளாகக் கிடைத்தன. லூயி டோலோ அவற்றை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தார். மூக்குக் கொம்பு மூக்கில் இல்லை. அது கைக்கட்டைவிரல்.

"அப்போ ஏன் இன்னும் சரி பண்ணல?"

"அவங்க அப்ப என்ன நினைச்சாங்கன்னு நாம பாக்கணும்ல, கண்ணு."

சொல்லிவிட்டேன். பிறகு நானே யோசித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு பொத்தானைக் கையில் கொடுத்து, இது இருந்த கோட்டை முழுதாகத் தைத்துக் கொடு என்றால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த கோட்டைத்தான் தைப்பேன். அவர்களும் தங்களுக்குத் தெரிந்த ஓணானையும் காண்டாமிருகத்தையும் வைத்துத் தைத்தார்கள். தப்பு வந்தது. ஆனால் அடுத்த எலும்புக்காகத் தேடிக்கொண்டே இருந்தார்கள். கிடைத்ததும் பிரித்துத் தைத்தார்கள். கேலாரில் பெர்னிசார் கிடையாது. எத்தனை வாட்ஸ் கொட்டித் தோண்டினாலும் அந்த மீனின் கீழ்பாதி வராது. பறவையின் கால்களை யாரும் பார்க்கப்போவதில்லை. நான்கு பிராணிகள் எங்கோ முழுசாக வாழ்ந்திருக்கின்றன, ஒன்றின் முழு உருவமும் நமக்குத் தெரியாது. மேலும், இந்தச் சிமென்ட் இக்வனோடானுக்கு மூக்கில் கொம்பு வைத்ததால் அதற்கு வலி ஒன்றும் இல்லை. ஆர்க்டோவிஷ் மூச்சுக்குத் திணறுகிறது. அது பொம்மைதான், படம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் பையன் அதைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் முன் கடைசியாக மோசசோரஸ். ஏரி ஓரத்தில் பெரிய தலை, வாய் திறந்தபடி, முதுகில் கொஞ்சம். மீதி தண்ணீருக்குள். சும்மா மூழ்கவைக்கவில்லை. அந்தக் காலத்தில் நன்றாகத் தெரிந்தது அதன் தலை மட்டும்தான். தெரியாத உடம்பை ஹாக்கின்ஸ் செய்யவே இல்லை. தண்ணீரை இழுத்துப் போர்த்திவிட்டார்.

பையனுக்கு இதைச் சொன்னதும் கம்பியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தான். மழை தூற ஆரம்பித்தது. அவனை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

20 பிப்ரவரி, வியாழன்

நூலகத்திலிருந்து ஒரு டைனோசர் புத்தகம் எடுத்தோம். அதில் எட்வர்டு கோப் கதை. கான்சஸில் கிடைத்த எலாஸ்மோசாரஸ் என்ற கடல்பிராணியின் எலும்புகளை 1868-இல் அடுக்கியபோது, தலையை வால் முனையில் வைத்துவிட்டார். நீண்ட கழுத்தை வால் என்று நினைத்துக்கொண்டார். 1870-இல் ஜோசப் லைடி எடுத்துச் சொன்ன பிறகு, தான் அச்சிட்ட கட்டுரையின் பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்கிவிட கோப் அலைந்திருக்கிறார்.

பையன் அந்தப் படத்தைப் பார்த்ததும், "அத்தை! ஆர்க்டோவிஷ் மாதிரியே!" என்று கத்தினான். நூலகத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே புத்தகத்தில் டங்கிலியோஸ்டியஸ் என்ற மீனும் இருந்தது. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. தலையெல்லாம் எலும்புக் கவசம், பல்லுக்குப் பதில் கத்திபோல் எலும்புத் தகடு. இந்த ஆட்டத்து மீன் தலைக்கும் அதற்கும் அப்படியொரு சாயல். அதிலும் கல்லாகி நின்றது பெரும்பாலும் கவசத் தலைப்பகுதிதான். பின்னுடம்பு பெரிதும் குருத்தெலும்பு, மட்கிப்போய்விட்டது.

21 பிப்ரவரி, வெள்ளி

இரவு எனக்கும் ஒரு கை கொடுத்தான், ஆட்டத்தில். கூடாரம் அடித்துக் குழம்பு சமைக்கலாம். முதலில் விசிறி நெருப்பை மூட்ட வேண்டும். அதிகம் விசிறினால் அடிப்பிடிக்கும். பிறகு கிளற வேண்டும், வேகம் கூடினால் சிந்தும். கடைசியில் நம் மனசை எடுத்து அந்தப் பானையில் போட வேண்டும். நிஜமாகவே ஓர் இதய வடிவம் கைக்கு வருகிறது, சரியான நேரத்தில் விட வேண்டும். நான் கவனமாக விட்டேன்.

ஆறு பிராணிகளும் குழம்புக்கு வந்தன. ஆர்க்டோவிஷ்ஷும். தலையுச்சியில் இருக்கும் வாய்க்குக் குழம்பு எப்படிப் போய்ச் சேரும் என்று நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் என் கையைத் தொட்டு, "சாப்டுடும் அத்தை, கவலைப்படாதீங்க" என்றான். பிறகு அதை அழைத்தான். கனமான உடம்பைத் தூக்கிக்கொண்டு அது அவனிடம் வந்தது.

22 பிப்ரவரி, சனி

அண்ணன் வந்து அழைத்துப் போய்விட்டார். வீடு காலியாக இருக்கிறது.

காலையில் பையன், வெட்டுமாதிரிக்கு நான் வைத்திருக்கும் பிரவுன் பேப்பர் ஒரு முழம் கேட்டான். சாக்பீஸையும் இஞ்சு டேப்பையும் எடுத்துக்கொண்டு தரையில் படுத்தான். மீன் தலையை நேராக வரைந்தான். வாய் முன்னால், இருக்க வேண்டிய இடத்தில். கவசத் தகடுகளை ஒவ்வொன்றாக. கண்ணுக்கு மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று. கழுத்து வந்ததும் நின்றுவிட்டான்.

வால் எப்படி இருக்கும் என்று கேட்டான். தெரியாது என்றேன். சுறா மாதிரி இருக்குமா என்றான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தான். பிறகு நீலச் சாக்பீஸ் கேட்டான். கழுத்துக்குக் கீழே, காகிதத்தின் ஓரம்வரை, அலை அலையாகத் தண்ணீர் வரைந்தான்.

29 பிப்ரவரி, சனி

கிரிஸ்டல் பேலஸ் டைனோசர்களை அழியும் ஆபத்தில் இருக்கும் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி. உடம்பிலும் கால்களிலும் விரிசலாம். 2007-லேயே முதல் தரச் சின்னம் என்று அறிவித்தவை. அன்று மழையில் நாங்கள் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தபோது எனக்கு விரிசல் தெரியவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போன் செய்து பையனிடம் சொன்னேன். "கொம்பை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டான். மாட்டார்கள், இருக்கிறபடியேதான் சரிசெய்வார்கள் என்றேன். சரி என்றான். ஆர்க்டோவிஷ் 41-ஆவது லெவலுக்கு வந்துவிட்டது என்றான். கேரா லிஸ்ஸிடமிருந்து வரும்போது அது 10-இல் இருந்தது.

படம் கடையில்தான் இருக்கிறது, தையல் மெஷினுக்கு மேலே நாலு குண்டூசியில். இன்று பேன்ட் நீளம் குறைக்க வந்த ஒரு வயதானவர் அதைப் பார்த்துவிட்டு, உடம்பு எங்கே என்று கேட்டார். தண்ணீருக்குள் இருக்கிறது என்றேன்.